புங்கமரத்தடிப் பந்தல்

கடலூர்ப் பேருந்திலிருந்து சிதம்பரத்தில் இறங்கும்போது உச்சிவெயில். மதியம் வெயிலில் நிற்காதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், நிலையத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் பந்தல் போட்டிருக்கிறோம், வேன் வரும்வரை அங்கே உட்காருங்கள் என்று மாநாட்டு அமைப்பாளர்கள் கைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியே உட்கார்கிறேன். நாற்காலி, மின்விசிறி, மோர் எல்லாம் இருக்கின்றன. எதிரே, நிழலே இல்லாத சுவரோரம், ஒரு பெண் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார். பிஞ்சுகள் வதங்கிவிட்டன. மோர் தம்ளரோடு அவரிடம் போகிறேன்.

"நிழலுக்கு வாங்கக்கா."

"அது என் எடந்தாங்க. நீங்கல்லாம் வரீங்கன்னு காலையிலதான் எழுப்பி உட்டாங்க." மோரை அவர் வாங்கவில்லை. "இன்னா மீட்டிங்கு சார்?"

"வெயில்ல வேலை செய்றவங்க ஒடம்பப் பத்தி."

சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது. அவர் கூடைமேல் ஈரத்துணியை இழுத்து மூடுகிறார்.

பந்தலைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் போய், அந்தப் பெண்ணை உள்ளே உட்கார விடலாமே என்கிறேன்.

"கெஸ்ட் வர்ற நேரம் சார். கடை கண்ணி இருந்தா நல்லாருக்காது" என்கிறார் அவர், மிக மரியாதையாக.

வேன் வந்துவிடுகிறது. ஏறப்போகும் என்னை அந்தப் பெண் கூப்பிடுகிறார்.

"நீங்கல்லாம் எப்ப சார் ஊருக்குப் போவீங்க?"

"நாளன்னிக்கு சாயங்காலம்."

"அதுக்கு முன்னாடி போவ மாட்டீங்களா?"