பனிமலையில் பயத்தம் பணியாரம்

நல்ல பனிச்சறுக்கு ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்று நான் முதலில் விசாரித்தது எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், நான் வேலை செய்யும் சேலைக்கடையில். வேறு எங்கே விசாரிப்பேன்? வீடு பிடிக்க, பல் பிடுங்க, கார் ஓட்டப் பழக, எல்லாவற்றுக்கும் நாங்கள் அங்கேதான் ஆள் பிடிப்போம். கூறைச்சேலை பார்க்க வந்தவர்களிடம் விலை சொன்ன கையோடு இதையும் கேட்டேன். ஒருவர் வாயில் கை வைத்தார். "இந்த வயதிலை கையைக் காலை முறிக்கவோ?" என்றார். பொபினியில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருத்திதான் உருப்படியாக ஒன்று சொன்னாள். "அவர் எப்பிடிச் சறுக்குவார் எண்டு கேக்காதேங்கோ அக்கா. பயந்து நிக்கிற ஆளை என்ன செய்வார் எண்டு கேளுங்கோ."

இத்தனைக்கும் காரணம் என் மகள். பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவளுக்குப் பனிமலை என்றால் உயிர். இப்போது வேலைக்குப் போகிறாள், தனியே வீடு எடுத்து இருக்கிறாள். கடந்த மாரியில் அவளே மலையில் சின்ன வீடு ஒன்றை ஒரு கிழமைக்கு எடுத்தாள். "இந்த முறை நீங்கள் ரெண்டு பேரும் வாறீங்கள். கோப்பிக்கடையிலை குந்தியிருந்து என்ரை ஜக்கெற்றைப் பாக்கிறதுக்கு இல்லை, பழகிறதுக்கு" என்றாள். நல்ல ஆசிரியரைப் பிடிக்கும் வேலையை என்னிடம் விட்டாள்.

அவள் என்னை நம்பி ஒன்றை விட்டதே எனக்குப் பெரிது. அதற்கு முந்திய வருடம் கோயிலில் ஒரு குடும்பம் வந்து, தூணுக்குப் பக்கத்தில் நின்று, மாப்பிள்ளைக்காக அவளைப் பார்த்துவிட்டுப் போனது. எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம் இது. பெண்ணுக்குத் தெரியாமல் கோயிலிலோ கடையிலோ வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் பெண்ணின் மனம் நோகாதாம். கணவரின் அக்கா செய்த ஏற்பாடு அது. மகளுக்குத் தெரியவந்தபோது, தன்னை மாடு பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள் என்று அழுதாள். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். "இனி உனக்குத் தெரியாமல் இப்பிடி ஒண்டும் நடக்காது." அவள் நம்பினாள்.

பனிச்சறுக்குப் பள்ளிகளுக்குப் போன் எடுத்தேன். ஓரிடத்தில் பெரியவர்களைக் கூட்டமாக விட்டுத்தான் பழக்குவார்களாம். இன்னோரிடத்தில் ஒரு பெண் மூச்சு விடாமல் பிரெஞ்சில் பொழிந்தாள். "பயந்தவர்களை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். சிரித்தாள். அவளை அத்தோடு விட்டேன். சிரிக்கிறவர்களிடம் நான் என் முழங்காலைக் கொடுக்க மாட்டேன்.

அப்போதுதான் கணவர் ஒரு நாள் சமையல் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றும் முன்னரே சொன்னார். "ஆள் பிடிச்சிட்டன். எங்கடை பெடியன். அந்த மலையடியிலையே வளர்ந்தவன். டிப்ளோம் எடுத்த மொனித்தேர், சறுக்கு வாத்தி. தமிழிலையே சொல்லித் தருவான்."

எண்ணெய்ப் போத்தல் வாங்கவும் என்னைக் கேட்கிற மனிதர். எனக்காக இத்தனை தூரம் அலைந்தாரே என்று நெஞ்சு குளிர்ந்துபோனேன். புறப்படும் நேரம் மகளிடம், "நல்ல சட்டை ஒண்டும் எடுத்து வை பிள்ளை, தலைமயிரை வடிவாப் பின்னிக்கொண்டு வா" என்றார். அதையும் தகப்பனின் ஆசை என்றே எடுத்துக்கொண்டேன். மூளை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

பெடியன் உண்மையிலேயே நல்ல ஆசிரியன். அதைச் சொல்லாவிட்டால் பாவம். சிவப்பு ஜக்கெற் போட்டு, எனக்கு முன்னால் நின்று, பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போனான். "அன்ரி, காலைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. பயம் வந்தால் அப்பிடியே பனியிலை குந்தி இருந்து போடுங்கோ. அதிலை வெக்கம் இல்லை" என்றான். நான் இருந்தேன், எழும்பினேன், மறுபடி இருந்தேன். அடுத்த நாள் காலை, சறுக்குப் பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, நானாகவே நிற்கப் பழகிவிட்டேன். மகள் கீழே நின்று போனில் படம் எடுத்தாள். "வாங்கோ அம்மா, வாங்கோ, நான் நிக்கிறன்!" என்று கத்தினாள். சின்னப் பிள்ளையில் சிரித்த மாதிரிச் சிரித்தாள். நான் நேரே அவளிடம் போய் முட்டி நின்றேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோசமான மனுசி அந்த மலையில் இல்லை.

வகுப்பு முடிந்து கோப்பிக்கடை வாசலுக்கு வந்தோம். தடித்த கோட்டும் குங்குமப் பொட்டுமாக ஓர் அம்மா காத்துக்கொண்டு நின்றார். பெடியனின் தாயாம். கையில் ஒரு தகரப் பெட்டி. திறந்து நீட்டினார். பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு. பனிச்சறுக்குப் பழகிற ஆட்களுக்கு யார் பயத்தம் பணியாரம் கொண்டு வருவார்கள்? அது பெண் பார்க்க வருகிறவர்கள் கொண்டு வருகிற பலகாரம். அவர் மகளை மேலும் கீழும் பார்த்து, கணவரின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"பிள்ளை நீங்கள் அனுப்பின படத்திலை பாத்ததைவிட வடிவு."

கணவர் தன் கையுறையைப் பார்த்தார். பெடியனின் முகம் சுருங்கிவிட்டது. "அன்ரி, எல்லாருக்கும் தெரியுமெண்டுதானே எனக்குச் சொன்னவை" என்றான், என்னைப் பார்த்து. மகளும் என்னைத்தான் பார்த்தாள், தகப்பனை அல்ல. பலகைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் அந்தப் பாரச் சப்பாத்தோடு பின்னால் ஓடப் பார்த்து, படியடியில் விழுந்தேன். அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரை அறைக்குள் இழுத்துக் கேட்டேன். ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?

"உமக்குத் தெரிஞ்சால் நீர் அவளிட்டைச் சொல்லிப்போடுவீர்" என்றார்.

"அப்ப அதையே அவளிட்டைச் சொல்லுங்கோ. எனக்குத் தெரியாது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

சரி என்று தலையாட்டினார். மேசையடியில் மகள் இருந்தாள். நான் எதிரே இருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "நானும் அம்மாவும் உன்ரை நல்லதுக்குத்தான் யோசிச்சனாங்கள் பிள்ளை."

நானும் அம்மாவும். இத்தனை வருடம் ஒரு பானையில் சோறு தின்ற மனிதர், தனியே நின்று பழியை ஏற்கப் பயந்து என்னையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "பொய்!" என்று கத்தினேன். கத்தினது போதாது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள். மகள் எழும்பி உடுப்பை அடுக்கத் தொடங்கினாள்.

சார்செலில் எங்கள் வீட்டுக்கு அவள் இப்போதும் வருகிறாள். தகப்பனோடு சோறு சாப்பிடுகிறாள், அவருடைய பகிடிக்குச் சிரிக்கிறாள். என்னிடம் ஓம், இல்லை, அவ்வளவுதான். அதுவும் பிரெஞ்சில். "உம்மோடை மட்டும் ஏன் அவளுக்கு இவ்வளவு கோவம்?" என்று அந்த மனிதர் என்னையே கேட்கிறார். கையில் கிடந்த அகப்பையால் அடித்திருப்பேன்.

போன சனிக்கிழமை லா சப்பலுக்கு மரக்கறி வாங்க வந்தவள், கடைக்குள் எட்டிப் பார்த்தாள். சேலைகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். தெருவில் வைத்தே கேட்டேன். "எல்லாத்தையும் செய்தது அப்பா. அவரோடை சிரிச்சுக் கதைக்கிறாய். நான் என்னடி செய்தனான்?"

அவள் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். நெடுநாளைக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

"அப்பா எனக்குச் சத்தியம் ஒண்டும் செய்யேல்லை அம்மா. நீங்கள்தான் செய்தனீங்கள்."