பன்றி அறுக்க வந்தவர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுப் பன்றியை அறுக்க வந்தவர் ஒல்லியானவர். எதைப் பேசினாலும் பன்றியின் காதைச் சொறிந்துகொண்டே பேசினார். அறுப்பதற்கு முன் ஒரு நாள் தண்ணீர் மட்டும்தான், குடல் காலியாக வேண்டும் என்று போனில் நான்கு முறை சொன்னவரும் அவரே. இருபத்தாறு மணி நேரம் நான் காவல் இருந்தேன். அவரைக் கண்டதும் பன்றி கத்தியது. பையிலிருந்து மூன்று வாழைப்பழங்களை எடுத்து ஊட்டிவிட்டார்.

“ஏனுங்க, நீங்கதான தீனி போடக்கூடாதுன்னீங்க?”

“பசியில கத்துற சீவன் மேல எப்படிங்க சார் கத்தி வெக்கறது? நாளைக்கு வாரேனுங்க. அதுவரைக்கும் பட்டினி போட்டு வெய்யுங்க.”

“நாளைக்கு மத்தியானம் பதினெட்டுப் பேர் சாப்பிட வாராங்க. பட்டினி போட்டா நாளைக்கும் கத்துமுங்களே?”

“கத்துமுங்க,” என்று ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதினெட்டுப் பேருக்கும் கோழிக்குழம்புதான். முப்பது வருடமாக இதே தொழில் என்கிறார். ஒரு பன்றியையாவது எப்படி அறுத்து முடித்திருப்பார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.