மூன்று நாற்பதுக்கு வந்த தாள்

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம். இது கட்டுக்கதை இல்லை, எனக்கே நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பயத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வருகிறது.

அப்போது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்று குறிப்புகளில் தேட, எனக்கு மேலே இருந்த அக்கா ஒரு ரெகெக்ஸ், அதாவது எழுத்துகளுக்குள் தேடுகிற ஒரு வாய்பாடு, எழுதியிருந்தார். 'ஆகாது' என்பது ஒரு வரியில் இருக்கும், மருந்தின் பெயர் அடுத்த வரியில். வரி முறிகிற அந்த இடத்தை \n என்று எழுதுவோம். சரிபார்க்க அச்சிட்டாலும் அது \n என்றே விழ வேண்டும்; அதற்காக அச்சிடும் நிரலில் அதற்கு முன்னால் அக்கா இன்னொரு சாய்கோடும் சேர்த்திருந்தார்.

மேலாளருக்கு அந்தக் கூடுதல் சாய்கோடு கண்ணை உறுத்தியதாம். அக்கா தடுத்தும் கேட்காமல் அவரே எடுத்துவிட்டார். தாளில் ரெகெக்ஸ் இரண்டாக உடைந்து விழுந்தது. அந்தத் தாளைப் பார்த்துப் புது கம்ப்யூட்டரில் ஏற்றியவர் மேல்வரியோடு நிறுத்திவிட்டார். தேடலில் சிக்காமல் ஆகாத மருந்து ஏறி, ஓர் உயிர் போயிற்று. பழி அக்கா தலையில். மூன்றே மாதத்தில் நெஞ்சு வெடித்து அவரும் போனார். அதற்குப் பிறகும், திருத்தினால் குட்டு வெளிப்படும் என்று மேலாளர் அதை யாரையும் தொட விடவில்லை.

ஒரு ஞாயிறு பிற்பகல். தவறு அக்காவுடையதுதான் என்று விசாரணைக்கு எழுதிய கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துப் போடும்மா. செத்தவங்களுக்கு வேலையா போயிடப்போகுது?"

சரியாக 3.40. பிரிண்டர் உறுமியது. க்ர்ர்ர்... டக்.

ஒரு தாள் வந்து குப்புற விழுந்தது.

"நீ குடுத்தியா?"

"நான் தொடவே இல்லை சார்."

அடுத்த தாள். அக்காவின் ரெகெக்ஸ். முழுசாக, ஒரே வரியில். நடுவில் \n.

டக்... அதே வரி.

மேலாளர் வயரைப் பிடுங்கினார்.

டக்...

எழுத்து தடித்திருந்தது. சாய்கோடு தாளைக் கிழித்திருந்தது.

டக்... டக்...

அவர் ஓடிவிட்டார்.

3.58. நின்றது.

அடியில் கிடந்த முதல் தாளைத் திருப்பினேன். ரெகெக்ஸுக்குக் கீழே, வார்டு 6, கட்டில் 14.

ஓடினேன். நர்ஸ் கையில் ஊசி. நிறுத்தச் சொன்னேன். இருவரும் குறிப்பைப் பார்த்தோம். ஒரு வரியில், ஆகாது. அடுத்த வரியில்... அதே மருந்து.

திரும்பி வந்து கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். விசாரணையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அந்த முதல் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைப்பில் நேரம் 3.40. பதினாலாம் கட்டில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரத்தைப் பிறகுதான் பதிவேட்டில் பார்த்தேன்.

3.51.

செத்தவர் மேல் பழி போடுகிறவன் உங்கள் வாசலை மிதிக்காமல் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்க, கண்ணுகளா.