அப்பா வாங்கிய துபாய் கத்தி

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அண்ணனின் கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் இந்தப் பதிவை டைப் பண்ணுகிறேன்.

அப்பா கத்தி சேர்ப்பவர். அவற்றுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பது என் வேலை.

இன்று லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் மடக்குக் கத்தி ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல கத்தியில் கம்பெனி முத்திரை இரும்பிலேயே அழுந்தப் பதிந்திருக்கும். இதில் வெறும் பெயிண்ட். நகத்தால் சுரண்டியதும் உரிந்தது.

“அப்பா, இது டூப்ளிகேட்டுப்பா.”

“துபாய் பெட்டியில வந்தது எப்படி டூப்ளிகேட்டாவும்?”

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். “அண்ணே, அடுத்த தடவ பாப்பாவ மட்டும் அனுப்புங்க.”

அப்பா உடனே பணத்தைக் கொடுத்து அதையே வாங்கினார். பஸ்ஸில் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

வீட்டில் கதவைச் சாத்தினார்.

“டூப்ளிகேட்டுன்னு சொன்னீல்ல? வெட்டுதா பாப்பம்.”

என் சடையைப் பிடித்து அறுத்தார். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை.

பாதிச் சடை அறுவதற்குள் கத்தியின் பிடி கழன்று விழுந்தது. ஒரிஜினலாக இருந்தால் முழுசும் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேறு கத்தி வாங்கப் போகிறாராம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

அதுவும் போலியாக இருந்தால் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.