போணிக்கு முன் வந்த போன்

இன்று காலை, வடக்கே சிஞ்ச்வட்டில் இருக்கும் என் குழாய்க் கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன். மனைவிக்கு முன்பு வந்த புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று இன்றுதான் சொல்வதாக இருந்தார்கள்.

போணி ஆகும் முன் கெட்ட செய்தி காதில் விழக்கூடாது என்பது என் வழக்கம். எடுக்கவில்லை. பக்கத்திலேயே அவள் நின்றிருந்தாள்.

முதல் ஆள் வந்து குழாய் கேட்டார். அவர் சொன்ன விலைக்கே கொடுத்து அனுப்பிவிட்டுத் திருப்பி அழைத்தேன்.

"டாக்டர் கிளம்பிட்டார், இனி திங்கட்கிழமைதான்" என்றார்கள் இந்தியில்.

அவளிடம் சொன்னேன்.

"அது இருக்கட்டும். கெட்ட சேதிதான்னு நீங்க எப்படிங்க முடிவு பண்ணீங்க?"

எந்தச் சரக்குக்கும் உடனே விலை சொல்பவன், ஊதுவத்திச் சாம்பலைத் துடைக்க ஆரம்பித்தேன். தப்பு என்னுடையதுதான்.

கல்யாணமான நண்பர்களே, திங்கள்வரை நாங்கள் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்கு என்ன பதில் சொல்லலாம், எழுதுங்கள்.