அமீருதீன் வீட்டில் முயலுக்குச் சாப்பாடு

முடிச்சூரில் அமீருதீன் வீட்டுக்குப் போய் வெறும் வயிற்றோடு திரும்பியவர் கிடையாது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், தப்பான விலாசத்துக்குப் பார்சல் கொண்டுவந்தவர், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் எதையாவது தின்றுவிட்டுத்தான் போனார்கள். வேண்டாம் என்றவர்கள் கொஞ்சம் அதிகமாகவே தின்றார்கள்.

கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை அவருடையது. வெள்ளம் வந்த வருஷம் பாதித் தெரு அவர் வீட்டு மாடியில்தான் இருந்தது. கீழே கட்டிலும் பீரோவும் முழுகிக்கொண்டிருக்க, அவர் மேலே அடுப்பை மூட்டி, "உப்பு போதுமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வைத்தீஸ்வரன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சைவம். அவருக்கும் மனைவி காமுவுக்கும் மட்டும் புதுப் பாத்திரத்தில் எலுமிச்சை சாதம் கிளறிக் கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டு வீடும் ஒன்றுக்குள் ஒன்று.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் முயல் வந்தது.

சின்ன மகள் சோயா தோழியிடமிருந்து வாங்கி வந்த வெள்ளை முயல். ஸ்நோபி என்று பேர் வைத்தாள். அந்தப் பேர் வாயில் நுழையாததால் அமீருதீன் அதைத் துரை என்று கூப்பிட்டார். வந்த கொஞ்ச நாளிலேயே சோயாவுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்துவிட்டது. பஸ் ஏறும்போது, "அத்தா, அதுக்குப் புல்லு மட்டும் குடுங்க. வேற எதுவும் குடுத்துடாதீங்க," என்றாள்.

"ஆவட்டும்மா," என்றார். ஆனால் மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நம்பி வந்த ஜீவனுக்குப் புல்லு போடறதா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்று மனைவி மெஹர் பானுவிடம் கேட்டார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே இந்த விஷயத்தில் அவள் பேச்சு எடுபட்டதில்லை.

துரை எதையும் மறுக்கவில்லை. ரஸ்க் கொடுத்தால் ரஸ்க், பன் கொடுத்தால் பன். அமீருதீனுக்கு அது பிடித்துப் போனது. உபசாரத்தை இவ்வளவு மரியாதையாக ஏற்றுக்கொண்ட விருந்தாளியை அவர் பார்த்ததில்லை. துரையின் கழுத்தில் மடிப்பு விழுந்தது. அதைப் படம் எடுத்து, ஊரப்பாக்கத்தில் இருக்கும் மூத்த மகள் ரூக்சாருக்கு அனுப்பினார்.

ஒரு நாள் காலையில் பிஸ்கட்டை நீட்டியபோது துரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. வேறு பிஸ்கட் எடுத்து வந்தார். அதையும் பார்க்கவில்லை.

கூண்டைப் பெருக்கிக்கொண்டிருந்த மெஹர் பானு துடைப்பத்தை நிறுத்தினாள். "ஏங்க, ராத்திரிலேர்ந்து ஒரு புழுக்ககூட போடல."

அமீருதீன் துரையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறினார்.

கால்நடை மருத்துவர் ஜோவிதா சின்ன வயசுக்காரர். துரையின் வயிற்றை இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார், காதுக்குழாயை வைத்துக் கேட்டார். பிறகு, "வீட்ல என்ன சாப்பிடுறான்?" என்றார்.

"அதுல ஒரு கொறையும் வெக்கலம்மா," என்றார் அமீருதீன். "காலைல பிஸ்கட்டு, பாதாம். அப்பறம் வாழப்பழம். மத்தியானம் நாங்க துன்றது. வெள்ளிக்கிழமன்னா குஸ்கா. கறி குடுக்கறதில்ல."

"ஏன்?"

"துன்ன மாட்டேங்குது. வெச்சுப் பாத்தேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சார், இவனுக்குக் குடல் ஓட்டம் நின்னு போச்சு. முயலுக்கு வயிறு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும். ஓட வைக்கிறது புல்லுல இருக்கற நார்தான். மாவும் இனிப்பும் உள்ள போனா கேஸ் கட்டிக்கும். குஸ்கால வெங்காயம், பூண்டு இருக்கும், ரெண்டுமே இவனுக்கு விஷம். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டிருந்தீங்கன்னா உயிரோட இருந்திருக்க மாட்டான்."

"அப்ப கேரட்டு?"

"நமக்கு ஜாங்கிரி எப்படியோ, அப்படித்தான் இவனுக்குக் கேரட். என்னைக்காவது ஒரு சின்னத் துண்டு. இப்ப அதுவும் வேணாம்."

"உருளக்கெழங்கு?"

"கூடவே கூடாது."

"முறுக்கு?"

"சார்," என்றார் டாக்டர்.

புல், காய வைத்த புல், தண்ணீர், கூட ஒரு பிடி கொத்தமல்லியோ புதினாவோ. அவ்வளவுதான் சாப்பாடு என்றார். ரோட்டோரப் புல் வேண்டாம், வண்டிப் புகையும் பூச்சி மருந்தும் பட்டிருக்கும். உடம்பு தேறியதும் முயல் தன் புழுக்கையில் ஒரு வகையைத் தானே தின்னும், அதைத் தடுக்கக் கூடாது, அது உடம்புக்குத் தேவை என்றும் சொன்னார். பாதாம் ஆகாதாம், அது ஆகுமாம். அமீருதீன் அதற்கும் தலையாட்டினார்.

ஊசி போட்டு, புல்மாவைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டச் சொல்லி அனுப்பினார்கள். அன்று கடை திறக்கவில்லை. அமீருதீன் துரையை மடியில் வைத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். தன் கையால் போட்ட சாப்பாடு ஒரு உயிருக்குக் கேடு செய்யும் என்பது அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கண் கலங்கியது. சோப்புத் தூள் பட்டுவிட்டது என்று மெஹர் பானுவிடம் சொன்னார். அன்று அந்த வீட்டில் யாரும் துணி துவைக்கவில்லை. மத்தியானம் அவள் தட்டு வைத்தாள். தொடாமல் எழுந்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் மெஹர் பானு கூவினாள்: "ஏங்க! போட்டுடுச்சுங்க!"

ஓடி வந்து மண்டியிட்டுப் பார்த்தார். மிளகு அளவில் நாலைந்து. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். உடனே சோயாவுக்குப் போன் போட்டார்.

"துரை நல்லாகீறாம்மா."

"அவனுக்கு என்ன ஆச்சு அத்தா?"

"ஒண்ணும் ஆவல. நல்லாகீறான்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு அந்தக் கூண்டுக்குள் புல்லும் தழையும் தவிர எதுவும் போகவில்லை. கடையில் விற்கும் காய்ந்த புல் பாக்கெட் வாங்கினார். வீட்டுக்கு வந்தவர்கள் பிஸ்கட்டைப் பிட்டுக் கூண்டுப் பக்கம் கையை நீட்டினால், "நீங்க சாப்புடுங்க," என்று கையைத் திருப்பிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் வைத்தீஸ்வரன் தட்டோடு வந்தார். மொட்டை மாடியில் பைகளில் மண் நிரப்பி அவர் கேரட் போட்டிருந்தார். பல மாத உழைப்பு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன் இருந்தது.

"மொத அறுவடை, பாய். துரைக்குத்தான்."

"வேணாம் சார்," என்றார் அமீருதீன். தின்கிற பொருளோடு வாசலில் நின்ற ஒருவரிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே காது கூசியது.

"மருந்து அடிக்காதது பாய்."

"அதுக்கு ஆவாது சார்."

"கேரட்டா ஆகாது? பாட புஸ்தகத்துலயே படம் போட்டிருக்கானே!"

"படம் போட்டவன் முயல் வளத்திருக்க மாட்டான் சார்."

வைத்தீஸ்வரன் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மறுநாளிலிருந்து தெருவின் அந்தப் பக்கமாகவே நடந்தார். "அவங்க வீட்டுச் சாதத்த நாம சாப்பிட்டோம், நம்ம வீட்டுக் கேரட் அவங்க முயலுக்கு ஆகாதாங்கறார் எங்க வீட்டுக்காரர்," என்று காமு மெஹர் பானுவிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

அமீருதீனுக்கு இது தாங்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டார். "டாக்டரம்மா, எதிர்வூட்டுக்காரர் கையால எதுனா குடுத்தாவணும். இன்னா குடுக்கலாம்?"

நடந்ததைக் கேட்டுவிட்டு, "கேரட்டோட தழைய குடுக்கச் சொல்லுங்க. அது நல்லது," என்றார் ஜோவிதா.

அமீருதீன் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"கெழங்கு வேண்டாம், தழை வேணுமா?" என்றார் வைத்தீஸ்வரன்.

"ஆமா சார்."

"தழைய எல்லாம் காமு உரத்தொட்டில போட்டுட்டாளே."

காமு காபி கொண்டுவந்தாள். பேச்சை மாற்ற வேண்டி வைத்தீஸ்வரன் சொன்னார்: "பக்கத்துல நம்ம காலி மனை இருக்கே, புல்லு முழங்காலுக்கு மேல வளந்து கெடக்கு. பாம்பு வரும்னு நகர்ச் சங்கத்துல சத்தம் போடறா. நாளைக்கு மருந்தடிக்க ஆள் வரான்."

அமீருதீன் டம்ளரைக் கீழே வைத்தார். "மருந்தா? வேணாம் சார், அடிக்காதீங்க. துரை துன்னுவான்."

"அவ்வளவுமா?"

"நாள் ஆவும்."

வைத்தீஸ்வரன் போனை எடுத்து மருந்தடிக்கிற ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே இருவரும் ஆளுக்கொரு அரிவாளோடு மனையில் இறங்கினார்கள். அருகம்புல்லாகப் பார்த்து அறுத்து, அலசி, வைத்தீஸ்வரன் தன் கையாலேயே நீட்டினார். துரை இழுத்து இழுத்து மென்றது. "நன்னா மெல்றது பாய்," என்றார் அவர். கேரட் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மனுஷர்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் பொருந்தவில்லை. துரைக்கு நகம் வெட்ட வீட்டுக்கு வந்த டாக்டர் ஜோவிதா, இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுத்தான் போனார்.

இப்போது காலையில் மனையில் இரண்டு பேரையும் பார்க்கலாம். அறுத்ததில் மிச்சத்தை மழைக்காலத்துக்காக மொட்டை மாடியில் உலர்த்துகிறார்கள். போன வாரம், பெருங்களத்தூரில் ரயில் பிடிக்க வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவர் புல்கட்டைப் பார்த்து நின்றார்.

"என்ன சார், மாடு வாங்கிட்டீங்களா?"

"இல்ல, முயல்," என்றார் வைத்தீஸ்வரன்.

மேலே ஏதாவது சொல்வார்கள் என்று கேட்டவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இருவரும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ரயிலுக்குப் போய்விட்டார்.