மகள் எடுத்த ராட்சதப் படம்

கலிபோர்னியாவின் சான் ரமோனில் இந்த வீட்டைப் பின்னால் தெரிந்த மலைக்காகவே வாங்கினோம். இதுபோன்ற மலைகளில் ஒரு காலத்தில் குழி தோண்டி, அணுகுண்டு பொருத்திய ஏவுகணைகளை வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து மகள்தான் சொன்னாள். பதினோராம் வகுப்பில் உள்ளூர் வரலாறு பற்றி ஏதாவது செய்துவரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் பழைய ரயில் நிலையம், வால்நட் தோட்டம் என்று எடுத்துக்கொள்ள, இவள் ஏவுகணைக் குழியிலிருந்து ஒரு ராட்சத மிருகம் எழுந்து வருவதுபோல் படம் எடுக்கப் போவதாகச் சொன்னாள்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. என் கணவர் மலைக்கு அந்தப் பக்கம், அணு ஆயுத ஆய்வுக்கூடத்தில் கணினிப் பொறியாளர். வேலையைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். நானும் கேட்டதில்லை. மகளுக்குக் காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும். அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்:

"அப்பா, மான்ஸ்டரா நீங்க நடிக்கறீங்களா?"

அவர் சாதத்தைப் பிசைந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "வீக்எண்ட்லதானே ஷூட் பண்ணுவ?" என்றார்.

பழைய யோகா பாய்களை வெட்டி அவர் உடையில் செதிலாக ஒட்டினோம். கொல்லைப்புறத்தில் அட்டையால் கட்டிய ஊரை அவர் வியர்க்க வியர்க்க மிதித்தார். கேமரா பிடித்தது நான்.

நகர நூலகத்தில் திரையிட்டபோது ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். முடிவில் சிரிப்பு இல்லை. யாரும் மிருகத்தைக் கொல்லவில்லை. அது களைத்துப்போய் மலைமேல் படுத்துக்கொள்கிறது, கீழே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஜப்பானியப் பெண்மணி ஒருவர் எழுந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது தன் அம்மா அங்கே பள்ளிச் சிறுமியாக இருந்தவர் என்றார். தன் சின்ன வயதில் அம்மாவோடு இப்படிப்பட்ட படத்துக்குப் போனபோது, மிருகம் செத்ததும் அரங்கமே கைதட்டியதாம், அம்மா மட்டும் அழுதாராம். நீ ஏன் மிருகத்தைக் கொல்லவில்லை என்று மகளிடம் கேட்டார். அதை உண்டாக்கியதே நாம்தான், கொன்றுவிட்டதாகக் காட்டினால் பொய்யாகிவிடும் என்றாள் மகள்.

அடுத்து எங்களைத் தெரிந்த ஒருவர், ஆயுத ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் உன் அப்பா இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்டார். அப்பாவே சொல்லட்டும் என்று மகள் அவரிடம் மைக்கை நீட்டினாள்.

அவர் எழுந்தார். அந்த ஆயுதங்கள் தவறிக்கூட வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை, அதில் தனக்கு வெட்கமில்லை என்றார். ஆனால் அவை ஏன் இருக்கவே வேண்டும் என்று மகள் கேட்டால் தன்னிடம் பதில் இல்லை என்றார். இத்தனை வருடத்தில் வேலையைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான்.

படத்தை உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வைத்துக்கொள்ள நூலகத்தில் கேட்டார்கள். அந்தப் பெண்மணியின் அம்மா கதையும் கூடவே இருந்தால்தான் தருவேன் என்றாள் மகள். வாரக் கடைசியில் அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் கேள்வி கேட்க, என் கணவர் ஒலிப்பதிவு செய்தார். நான் காபி போடுவதை மறந்து சமையலறை வாசலிலேயே நின்றேன். அப்பாவையும் மகளையும் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது.